தோன்றா எழுவாய்

பட்டறையில் யாரும் 'வண்டி' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. இழுக்க மாட்டேங்குது, இருமுது, சூடாயிடுது, காலையில எந்திரிக்கவே அடம் பிடிக்குது என்றுதான் பேச்சு. படுத்த படுக்கையாக ஒருவர் கிடக்கும் வீட்டில் 'ராத்திரி பூரா தூக்கமில்ல' என்று சொன்னால் யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. முப்பது வருடம் இப்படியே பேசிப் பேசி, மெக்கானிக்குக்கு வீட்டிலும் தெருவிலும் அதே பேச்சாகிவிட்டது.

அவருக்கு ஒரே தங்கை. அவள் ஓட்டிய சின்ன வெள்ளைக் கார் பதினான்கு வயதானது; அவரே தேடிப் பிடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டி அவளுக்குக் கொடுத்தது. "எங்கண்ணனுக்கு ரெண்டு தங்கச்சி. மூத்தவ நான், இளையவ இந்த வண்டி. செல்லமெல்லாம் இளையவளுக்குத்தான்" என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் பட்டறைக்கு போன் செய்தாள்.

"அண்ணா, நாலஞ்சு நாளா சரியில்லண்ணா."

"என்ன பண்ணுது?"

"ஏறும்போது மூச்சு வாங்குது. நடுவுல நின்னு நின்னுதான் போக முடியுது."

அவள் வீடு இருப்பது ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில். பெட்ரோல் கார் மேட்டில் திணறினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்திருக்கிறதா என்பது. அவர் அதைக் கேட்டார், பட்டறையில் கேட்கிற விதமாக.

"எரியுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ம்... லேசா எரியுதுண்ணா."

"விடாம எரியுதா, வந்து வந்து போகுதா?"

"வந்து வந்துதான் போகுது."

"அப்பப் பயமில்ல. விடாம எரிஞ்சாத்தான் யோசிக்கணும். ரொம்ப வெரட்டாதே, மெதுவா ஏறு. ஞாயித்துக்கிழமை வா, பாத்துடலாம்."

"சரிண்ணா. நீ சொன்னாச் சரிதான்."

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை அவள். சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை முடிந்து வந்தவள், அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு ஏறும் வழியில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் பை. கீழ் வீட்டுக்காரர் 'என்னம்மா இங்க உட்காந்துட்டீங்க' என்று கேட்டபோது பதில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. டாக்டர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகத்தான் கேட்டார். "மாரடைப்பு திடீர்னு வர்றதில்லீங்க. நாலஞ்சு நாளாவே காட்டியிருக்கும். ஏறும்போது மூச்சு வாங்குது, நெஞ்சு எரியுதுன்னு யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

மெக்கானிக்குக்கு வியாழக்கிழமை போன் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு சொல்லும் அப்படியே, அதே வரிசையில். ஆமாம், என்கிட்ட சொன்னா என்று சொல்வதற்கு வாயைத் திறந்தவர், எதிரே நின்ற தங்கை கணவனைப் பார்த்துக் கத்தினார்: "கூடவே இருந்தியே! ஒரே வீட்டுல இருந்தியே! உனக்குத் தெரியலயாடா?"

பத்தொன்பது வருடமாக 'வாங்க மாப்ளே, உட்காருங்க மாப்ளே' என்று சொல்லிய வாய். 'நீ' என்றதும் இல்லை, 'டா' என்றதும் இல்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பதினேழு வயது மகள் மாமாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், எதிரே உட்காருவாள். பேச்சு மட்டும் இல்லை.

மெக்கானிக்கும் அந்த போன் பேச்சை யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானே மட்டும் சொல்லிக்கொண்டார், நாளுக்கு இருபது முறை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அவள் காரைப் பற்றித்தான் சொல்லியிருக்கலாம். ஏன் கூடாது? மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு வேறு எதைச் சொல்வாள்? கார் நிஜமாகவே திணறியிருந்தால், விளக்கு நிஜமாகவே எரிந்திருந்தால், அவள் சொன்னது காரைத்தான். டாக்டர் சொன்னதும் அதுவும் ஒத்துப்போனது வெறும் தற்செயல். காரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்ப்பதற்குத்தான் மூன்று வாரமாகக் கால் எழவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மேட்டுத் தெருவுக்குப் போனார். மாடி ஏறவில்லை. கீழே நின்று போன் செய்து சாவியைக் கேட்டார். மாப்பிள்ளை இறங்கி வந்து, எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் அவள் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பேட்டரி செத்திருந்தது. தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். எஞ்சின் இரண்டு முறை முனகி, பிடித்துக்கொண்டது. கிளப்பிய பிறகு அணைய வேண்டிய விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று அணையவில்லை. எஞ்சின் படம், மஞ்சள் நிறம்.

"எரியுது," என்றார் வாய்விட்டு. "எரியுதுடா!"

தெருவின் மேட்டில் இறங்கி, மேம்பாலத்தில் ஏறும்போது இன்னும் நல்ல சேதி காத்திருந்தது. மிதியைத் தரையோடு அழுத்தினாலும் கார் நகர மறுத்தது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது, லாரி ஹார்ன் அடித்தது, சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்குக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மூன்று வாரமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது சற்று எழுந்து நின்றது போல இருந்தது. வண்டிதான். அவ வண்டியத்தான் சொல்லியிருக்கா.

பட்டறைக்கு விடுமுறை. இருந்தும் கதவு திறந்திருந்தது. உள்ளே எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரை 'வோல்டேஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் ஏறும், பெண்டாட்டியைக் கண்டால் இறங்கும் என்பதால் வந்த பெயர்.

"லீவு நாள்ல என்னய்யா இங்க?" என்றார் மெக்கானிக்.

"வீட்டுல மாமியார் வந்திருக்காங்க. இங்கன்னா எலி மட்டும்தான். நீ என்ன, தங்கச்சி வண்டியா? என்ன பண்ணுதாம்?"

"இழுக்கல. எரியுது."

"அப்பாடா, வேலை கெடச்சுது" என்று வோல்டேஜ் பழுதைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்து வந்து, டாஷ்போர்டுக்கு அடியில் செருகினார். அதன் சின்னத் திரையைக் கண்ணுக்கு அருகே பிடித்து எழுத்துக் கூட்டினார். "ஏர்ஃப்ளோ சென்சார். கரன்ட்டே போகல. உள்ள எவ்வளவு காத்துப் போகுதுன்னு எஞ்சினுக்குத் தெரியல, குருட்டுத்தனமா ஓடுது. அதான் இழுக்கல. விளக்கு வந்து ஓடின தூரம்... ஒம்பது கிலோமீட்டர்."

தங்கை வீட்டிலிருந்து பட்டறை ஒன்பது கிலோமீட்டர்.

மெக்கானிக் ஸ்கேனரைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "அத நம்பாதே. பேட்டரி செத்துக் கெடந்துச்சு. பழசெல்லாம் அழிஞ்சிருக்கும். இது இன்னிக்கு எண்ண ஆரம்பிச்ச கணக்கு."

"அதுவும் நியாயம்தான்" என்றார் வோல்டேஜ்.

பானட்டைத் தூக்கினார்கள். காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால், சென்சாருக்குப் போகும் ஒயர் கடிபட்டுத் தொங்கியது. பெட்டியின் மேல் எலிப் புழுக்கை. ஓரமாகக் கொஞ்சம் பஞ்சு, கிழிந்த காகிதம், குடித்தனம் நடத்துவதற்கு வேண்டிய எல்லாம்.

"பாரு, இங்கயும் எலி," என்றார் வோல்டேஜ். "மாமியாரே தேவலாம் போல."

"எப்பக் கடிச்சிருக்கும்?"

வோல்டேஜ் ஒயர் முனையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "புதுசு. செம்பு பளபளன்னு இருக்கு பாரு. மாசக்கணக்காச்சுன்னா களிம்பேறிக் கறுத்திருக்கும். நின்ன வண்டி, கதகதப்பா இருக்கும்னு ஏறியிருக்கும். ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள்."

"ஒரு மாசம் இருக்காதா?"

"இருக்காது."

"மழையில்லாத மாசம்யா. களிம்பு மெதுவாத்தான் ஏறும்."

"எலியத்தான் கூப்பிட்டுக் கேக்கணும். ஒரு மாசமா இருந்தா உனக்கு என்ன, ஒரு வாரமா இருந்தா உனக்கு என்ன?"

மெக்கானிக் வடிகட்டியை உருவினார். தூசி அப்பியிருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் மாறியதை வோல்டேஜ் கவனித்தார். "இது ஒண்ணு போதுமே! இப்படி அடைச்சிருந்தா எப்படிய்யா மூச்சு விடும்?"

"அழுக்குதான். ஆனா இதுக்கெல்லாம் மேடு ஏறாமப் போகாது. உனக்கே தெரியும்."

தெரியும். அதனால் அவர் அடுத்ததற்குப் போனார். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினார். நான்கும் நல்ல பழுப்பு நிறத்தில், பாடப் புத்தகத்தில் படம் போடுகிற மாதிரி இருந்தன. பெட்ரோல் அழுத்தம் பார்த்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சைலன்சருக்கு முன்னால் இருக்கும் புகை வடிகட்டி அடைத்திருந்தால் பழைய கார் கழுத்தை நெரித்த மாதிரி திணறும்; ஆசையோடு அதையும் பார்த்தார். புகை தாராளமாக வந்தது. சிலிண்டர் ஒவ்வொன்றின் அழுத்தமும் பார்த்தார். மதியச் சாப்பாட்டை மறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் கருவி 'நன்றாக இருக்கிறது' என்றது. அவர் தோள் ஒரு விரற்கடை இறங்கியது.

"யோவ்," என்றார் வோல்டேஜ் கடைசியில். "எல்லாரும் நோய் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்குவாங்க. நீ என்னமோ எதாவது இருக்கணும், இருக்கணும்னு தேடறியே. தங்கச்சி போன துக்கத்துல இளையவளையும் சேத்துப் பாடையில ஏத்தப் போறியா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது அவருக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டார். மெக்கானிக் கோபப்படவில்லை. "ஒயர ஒட்டிக் குடு" என்றார்.

வோல்டேஜ் ஒயரை ஒட்டி டேப் சுற்றினார். பழுதின் பதிவை ஸ்கேனரில் அழித்தார். விளக்கு அணைந்தது. புது வடிகட்டி எடுத்து நீட்டியபோது மெக்கானிக் வாங்கவில்லை. தூசி படிந்த பழையதையே மீண்டும் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவள் ஓட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அந்த அழுக்கு வடிகட்டியோடு கார் அந்த மேட்டில் ஏறத் திணறினால், இன்னும் ஒரு வழி இருக்கிறது. 

மாப்பிள்ளைக்கு போன் செய்தார். "வாங்க. சேந்தே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். 'வாங்க' என்று மூன்று வாரத்துக்குப் பிறகு வந்தது.

சாயங்கால வெயிலில் மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. இருவரும் காரில் ஏறினார்கள், மெக்கானிக் ஓட்டினார். பாதி தூரம் போனதும் மாப்பிள்ளை கேட்டார்.

"என்ன கோளாறு மச்சான்?"

"எலி. நின்ன வண்டில புகுந்து ஒயரக் கடிச்சிருக்கு."

"ஓ."

மேம்பாலம் வந்தது. மிதியை மெதுவாகத்தான் அழுத்தினார். கார் தண்ணீரில் வழுக்குவதுபோல ஏறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பாலம் சின்ன ஏற்றம், இது கணக்கில்லை. மேட்டுத் தெருதான் கணக்கு. தெருமுனை திரும்பியதும் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே மூன்றாவது கியரிலேயே விட்டு, ஏற்றத்தின் அடியில் காரைச் சிரமப்படுத்தினார். திணறு, திணறு என்று மனதுக்குள் கெஞ்சினார். கார் ஒரு நொடி தயங்கி, பிறகு ஒரே சீராக ஏறத் தொடங்கியது. தபால் பெட்டி போயிற்று, தையல் கடை போயிற்று.

"முன்ன மாதிரியே இழுக்குது மச்சான்," என்றார் மாப்பிள்ளை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது அது.

"முன்னன்னா எப்போ?"

"அந்த வெள்ளிக்கிழமை. அவ போறதுக்கு மொத நாள். நான்தான் எடுத்துட்டுப் போனேன். இப்படித்தான் ஏறுச்சு."

"விளக்கு எரிஞ்சுதா?"

"எந்த விளக்கு?"

மெக்கானிக் காரை ஓரங்கட்டினார். கை பிரேக்கை இழுத்தார். சரிவில் கார் ஒரு குலுக்கலோடு நின்றது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்: வியாழக்கிழமை மதியம், என்ன பண்ணுது என்று கேட்டது, எரியுதா என்று கேட்டது, பயமில்ல என்று சொன்னது. டாக்டர் கேட்டபோது தெரிந்தே உங்களைப் பார்த்துக் கத்தினேன் என்பதையும் சொன்னார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்ற அவருக்குத் தெரியவும் இல்லை. அத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

மாப்பிள்ளை பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"எங்கிட்டயும் சொன்னா," என்றார்.

"என்ன?"

"புதன்கிழமை. செருப்பக் கழட்டிக்கிட்டே சொன்னா, 'ஏறவே முடியலங்க, நடுவுல நின்னுடுது'ன்னு. எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? 'உங்கண்ணன்கிட்டச் சொல்லு, அவருதான் பாப்பாரு'ன்னேன். அதான் உங்களுக்கு போன் பண்ணியிருக்கா." முன் கண்ணாடியைப் பார்த்தபடி தொடர்ந்தார். "வெள்ளிக்கிழமை நானே எடுத்து ஓட்டிப் பாத்தேன். நல்லாத்தான் ஏறுச்சு. வீட்டுக்கு வந்து, 'எதுக்கு பயப்படறே, ஒண்ணுமில்ல, நல்லாத்தானே இருக்கு'ன்னேன். சிரிச்சா. 'நீங்களே சொல்லிட்டீங்க, அப்பச் சரி'ன்னா."

தெருவில் ஒரு பெண் காய்கறிப் பையோடு மேட்டில் ஏறிப் போனாள். இருவரும் அவள் போய் மறையும் வரை பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரில நீங்க கத்தினப்ப நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனச்சீங்க?" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அதில் இருந்த கிரீஸ் கன்னத்தில் அப்பிக்கொண்டது. "மாப்ளே, ஒண்ணு கேளுங்க. நான் இப்ப மேல வந்து குட்டிகிட்ட என் பங்கச் சொல்லிடறேன். எங்கிட்டதான் சொன்னா, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு. உங்களதச் சொல்லாதீங்க. எங்கிட்ட மட்டும் சொன்னதா இருக்கட்டும். மாமன வெறுத்தா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. அவ உங்ககூடத்தானே இருக்கணும்."

"மேல போயிடலாம் மச்சான்" என்று மட்டும் சொன்னார் மாப்பிள்ளை.

படியேறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருவரும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதைப்போல.

மகள் கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கன்னத்துக் கிரீஸைப் பார்த்தாள். "உட்காருங்க மாமா" என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். காரில் சொன்னதைவிட வேகமாகச் சொன்னார். 'பயமில்ல'ன்னு நான்தாம்மா சொன்னேன் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். "உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல. எம்மேல இருந்தத அவர் மேல தூக்கிப் போட்டேன். அன்னிக்கு அந்த இடத்துல உண்மையச் சொல்ல எனக்கு யோக்கியத இல்லாமப் போச்சு."

அவள் கையிலிருந்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமாவை அவள் ஏசவில்லை, அழவும் இல்லை. மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினாள். மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கவனித்தாள்.

"அப்பா, காலையிலிருந்து எதாவது சாப்பிட்டீங்களா?"

மூன்று வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. மெக்கானிக் மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை மகளின் முகத்தை ஆசை தீரப் பார்த்தார். பிறகு, "எங்கிட்டயும் சொன்னாம்மா" என்றார். "மாமாகிட்டச் சொல்றதுக்கு மொத நாளே எங்கிட்டச் சொன்னா. நானும் வண்டின்னுதான் நெனச்சேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடியிலிருந்த துணிகளைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்ற இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்குன்னு," என்றாள். "உனக்கா, வண்டிக்கான்னு. ஒருத்தர் கூடவா அம்மாவக் கேக்கல?"